‘இல்லை’ என்று எழுதிய இருபத்து நான்கு நாள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர். கொசுப்புழு பார்க்கும் தினக்கூலிப் பணியாளர்களான நாங்கள் எட்டுப் பேர். அதில் ஆறு பேர் பெண்கள், இரண்டு பேர் ஆண்கள். எங்களை வேலை வாங்குகிற ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டரம்மா. ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியன். மாவட்டத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி. அவர் பக்கத்தில் லேப்டாப்போடு ஒரு கிளார்க். ஜீப் டிரைவர் இரண்டு தடவை ஜன்னலில் தலையை நீட்டினார், ஆனால் அவர் வெளியே நின்றதால் அவரைச் சேர்க்கவில்லை. எந்த அறைக்குள் போனாலும் நான் முதலில் தலைகளை எண்ணுவேன், அடுத்தது கதவுகளை. அங்கே கதவு ஒன்றுதான். அதிலும் எனக்கும் அதற்கும் நடுவே அதிகாரியின் நாற்காலி இருந்தது.

திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஊர் அது. பொங்கல் முடிந்த வாரம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பு பாதியில் நின்றவன் நான். காலாண்டுப் பரீட்சைக் கணக்குத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாள், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து போகவில்லை. அப்படியே ஒரு வாரம், ஒரு மாதம். படிப்பு நின்றதற்கு வறுமை, குடும்பச் சூழ்நிலை என்று மற்றவர்கள் சொல்கிற காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு திண்டிவனம் ரைஸ் மில்லில் மூட்டை தைத்தேன், ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்தேன். லாட்ஜில் கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்க நான் பாதி வழியிலிருந்து திரும்பிப் போன நாட்கள் நிறைய உண்டு. இந்த வேலை கிடைத்தபோதுதான் என் குணத்துக்கு ஏற்ற வேலை கிடைத்தது என்று நினைத்தேன். திறந்து பார், மூடு, மறுபடி திறந்து பார். அதற்குத்தான் சம்பளமே.

வேலை இதுதான். காலையில் டார்ச் லைட்டும் மருந்து பாட்டிலும் பையில் போட்டுக்கொண்டு ஒரு தெருவுக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு, பழைய டயர் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சாயந்திரம் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டம், ‘காய்ச்சல் உள்ளவர் விவரம்’.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு நாள் அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதிவிட்டேன். ஒரு வீட்டில் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் காய்ச்சல். அடுத்த மூன்று நாளும் எனக்குக் காய்ச்சல் வராத குறைதான். உன் தெருவில் எப்படி வந்தது, புழுவை ஒழுங்காகப் பார்த்தாயா, போன வாரம் அட்டையில் போட்ட கையெழுத்து பொய்யா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவரை மேலே இருப்பவர் கேட்டிருக்கிறார். கேள்வி மேலிருந்து கீழே இறங்கி இறங்கி, கடைசியில் என் தலையில் வந்து உட்கார்ந்தது. அப்போது எங்கள் எட்டுப் பேரில் மூத்த அக்கா, ஐம்பது வயதுக்காரர், எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்.

“இன்னா தம்பி நீ. அந்தக் கட்டத்துல ‘இல்லை’ன்னு எழுது. எல்லாரும் அத்தத்தான எழுதிக்கினு கீறோம். காய்ச்சல்னு எழுதுனா அவங்களுக்கும் பேஜாரு, நமக்கும் பேஜாரு.”

அதற்குப் பிறகு நானும் ‘இல்லை’ என்றே எழுதினேன். தெருவில் காய்ச்சல்காரர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், எங்கள் எட்டுப் படிவத்திலும் ஊரே தெளிவாக இருக்கும். யாரும் யாரையும் பொய் எழுதச் சொன்னதில்லை. திட்டு வாங்காமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எல்லாரும் நினைத்தோம், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அது உள்ளே போய் உறுத்தியது. நாளைக்கு யாராவது செத்துப்போனால்? போலீஸ் வந்து கேட்டால்? கோர்ட்டில் அட்டையைக் காட்டி இது உன் கையெழுத்தா என்று கேட்டால்? அப்போது காட்ட ஒரு சாட்சி வேண்டுமே என்று, நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்றில் நிஜத்தைத் தனியாக எழுத ஆரம்பித்தேன். பேர் எழுதப் பயம், அதனால் அடையாளம் மட்டும். ‘தெற்குத் தெரு, நீலக் கதவு, மருமகள், காய்ச்சல் மூன்றாம் நாள்.’ எதையாவது விட்டுவிட்டேனோ என்ற கவலையில் தேவையில்லாததையும் எழுதினேன். என்ன சாப்பிட்டார்கள், எங்கே போய்வந்தார்கள், யார் கொல்லையில் களை எடுத்தார்கள், ஆட்டுக்கு எங்கே புல் அறுத்தார்கள்.

மழைக்காலம் முடிந்து மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுக்கிற நாட்களில் டைரி வேகமாக நிரம்பியது. ஒரு நாள் அக்கா ஒரு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, அந்தப் பெண்ணுக்கு அக்குளுக்குக் கீழே பீடி நெருப்பு பட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது, வலியே இல்லை என்கிறாள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அடுத்த வாரம் வேறு தெருவில் இடுப்பில் அதே மாதிரி பொருக்கு. பெண்கள் என்னிடம் அதையெல்லாம் காட்டுவார்களா? அக்காவிடம்தான் காட்டுவார்கள். அவர் வந்து சொல்வார், நான் எழுதுவேன். அதைப் பார்த்து அவர் ஒரு நாள் சொன்னார்:

“தம்பி, நீ செத்தாகூட மூக்குல பஞ்ச ஒழுங்கா வச்சானுங்களான்னு எழுந்து பாத்துட்டுத்தான் மறுபடி படுப்ப.”

இதுதான் கதையின் முன்பாதி. இனி அந்த அறைக்கு வருகிறேன்.

அதிகாரி நல்ல மனிதர். வந்ததும் எங்களை உட்காரச் சொன்னார். வழக்கமாக நாங்கள் சுவரோரம் நிற்போம். கிளார்க் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எங்கள் வட்டாரத்துக்கு நேரே வரிசையாகப் பூஜ்யங்கள். அதிகாரி முகத்தில் நிஜமான சந்தோஷம்.

“உங்க வட்டாரத்தைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும். இத்தனை மாசத்துல ஒரு காய்ச்சல்கூட இல்லை” என்றார். அடுத்து அதே சிரிப்போடு மீதியைச் சொன்னார். புதிது புதிதாக வருகிற தொற்று நோய்களைத் தடுக்க அரசாங்கம் கொடுக்கிற பணம் இந்த வருஷம் கையளவுதான் வந்திருக்கிறது. அதை நோய் இருக்கிற இடத்துக்குத்தான் கொடுக்க முடியும். அதனால் எங்கள் வட்டாரத்துப் பங்கைப் பக்கத்து வட்டாரத்துக்கு மாற்றப் போகிறார்கள். பரிசோதனைக் கிட்டும் இங்கே வராது. தை மாதத்தோடு எங்கள் எட்டுப் பேரையும் நிறுத்திக்கொள்ளலாம். பணம் எந்தெந்த வட்டாரத்துக்கு என்ற பட்டியல் அடுத்த வாரம் மேலே போகிறது.

இல்லை, இல்லை என்று எழுதியே நாங்கள் இல்லாமல் போகப் போகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டாக்டரம்மா பேசினார். மூன்று மாதமாக ஒரு மாதிரியான காய்ச்சல் வருகிறது, எனக்குச் சந்தேகம் இருக்கிறது, சோதித்துப் பார்க்கக் கிட் கேட்டால் உங்கள் ஊரில்தான் காய்ச்சலே இல்லையே என்று பதில் வருகிறது என்றார். அதிகாரி, சந்தேகத்துக்குப் பணம் ஒதுக்க முடியாதும்மா, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டாக்டரம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மேசையைப் பார்த்தார்.

டைரி என் பையில், மருந்து பாட்டிலுக்குக் கீழே இருந்தது.

அந்த இரண்டு நிமிஷத்தில் என் மனசு போட்ட கணக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. எடுத்துக் காட்டினால், படிவத்தில் நான் எழுதியது பொய் என்று என் கையெழுத்திலேயே நிரூபணம் ஆகும். வேலை போகும், கேஸ் வரும், இன்ஸ்பெக்டருக்கும் ஆபத்து. காட்டாவிட்டால் எட்டுப் பேருக்கும் வேலை போகும், கிட் வராது, நீலக் கதவு வீட்டில் அன்று காலையிலும் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. ஆறாம் நாள். தைரியம் வந்து எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்திருக்கப் பயந்துபோய்தான் எழுந்தேன்.

“ஐயா, காய்ச்சல் கீதுங்க. நான்தான் இல்லைன்னு எழுதினேன்.”

டைரியை நீட்டினேன். அவசரமாக இழுத்ததில் உள்ளே செருகி வைத்திருந்த பஸ் டிக்கெட்டுகள் கீழே கொட்டின. அக்கா குனிந்து பொறுக்கினார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். சத்தம் போட்டே படித்தார்: தெற்குத் தெரு, நீலக் கதவு, ஏரிக்கரைக் கொல்லையில் மல்லாட்டைக் களை. காலனி, இரண்டாவது வீடு, ஏரிக்கரையில் ஆட்டுக்குப் புல், இடுப்பில் கறுப்புப் பொருக்கு. அவர் படிக்கப் படிக்க டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். எல்லாருமே ஏரிக்கரைக்குப் போனவர்கள் என்று அவர்தான் முதலில் சொன்னார். ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம், புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி கடித்து வருகிற காய்ச்சல், கடித்த இடத்தில் இப்படித்தான் பொருக்கு கட்டும் என்றார்.

அதிகாரி டைரியை மூடாமல், இத்தனை நாளும் படிவத்தில் ஏன் இல்லை என்று எழுதினாய் என்று கேட்டார். பதில் சொன்னவர் இன்ஸ்பெக்டர். அந்த மனிதரை நான் அதுவரை பயந்து பயந்துதான் பார்த்திருக்கிறேன். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

“எழுதினா நான் திட்டுவேன்னு பயந்துக்கினு எழுதியிருக்கான் ஐயா. எல்லாப் படிவத்துலயும் என் கையெழுத்தும் இருக்கு. கேக்கறதா இருந்தா என்னையும் கேளுங்க.”

அதிகாரி வாட்சைப் பார்த்தார். அந்த நீலக் கதவைக் காட்டுங்கள் என்று எழுந்தார்.

தெற்குத் தெருவுக்கு நடந்தே போனோம். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பாயில் சுருண்டு படுத்திருந்தாள். மருந்துக் கடையில் மூன்று ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரம்மாவும் அக்காவும் லேப் டெக்னீஷியனும் உள்ளே போனார்கள். வெளியே அதிகாரியும் இன்ஸ்பெக்டரும் நானும் சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். சும்மா நிற்க எனக்கு வராது. கை தானாக டார்ச்சை எடுத்தது, மூடியை நகர்த்தித் தொட்டிக்குள் அடித்தது. உள்ளே புழு நெளிகிறது. என் தெரு, அட்டையில் என் கையெழுத்து, பக்கத்தில் மாவட்ட அதிகாரி. மூடியை மெல்ல மூடப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார்.

“இருக்கா?”

“இருக்குதுங்க.”

“இதையாவது எழுதிக்குங்க” என்றார். இன்ஸ்பெக்டர் இருமுவது மாதிரிச் சிரித்தார்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் முகத்திலேயே பதில் இருந்தது. பொருக்கு இருக்கிறது. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே மாத்திரை கொடுத்துவிட்டார். ஒரு டீ விலைகூட இல்லாத மாத்திரை. அன்றைக்கே, டைரியைப் பார்த்துப் பார்த்து, இன்னும் காய்ச்சலோடு இருந்த மற்ற நான்கு வீடுகளிலும் ரத்தம் எடுத்தார்கள். கையால் தெரு காட்டிக்கொண்டு முன்னால் நான் போனேன். நான் முன்னால் போய்ப் பதின்மூன்று பேரில் யாராவது பின்னால் வந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

பட்டியல் மேலே போவதற்குள் ரிசல்ட் வர வேண்டும். ஐந்து ரத்தக் குழாய்களையும் ஐஸ் பெட்டியில் வைத்து விழுப்புரத்துக்கு அனுப்ப வண்டிக்கு டீசல் பணம் இல்லை. லேப் டெக்னீஷியன் பஸ்ஸிலேயே கொண்டுபோகிறேன் என்றார். பெட்டி கீழே விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நானும் கூடப் போனேன். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. ஐஸ் கரைந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். கிளம்பியதிலிருந்து அது ஐந்தாவது தடவை.

“திறந்து திறந்து பாத்தா கரையாம இன்னா பண்ணும்? மூடுங்க மொதல்ல” என்று லேப் டெக்னீஷியன் பெட்டியைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விழுப்புரத்தில் பெட்டியைக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. ஒருவேளை இது சாதாரணக் காய்ச்சலாகவே இருந்துவிட்டால்? பொய் எழுதியவன் என்ற பேர் மட்டும்தான் மிஞ்சும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் காலையில் தெற்குத் தெருவுக்குப் போனபோது நீலக் கதவுக்கு வெளியே அந்தப் பெண் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். ஆறு நாளாக மூன்று ஊசிக்கு இறங்காத காய்ச்சல் ஒரு நாள் மாத்திரையில் இறங்கியிருந்தது. “அண்ணே, தொட்டியக் கழுவிட்டேன், வந்து பாரு” என்றாள். வேண்டுமென்றே நான்கு மூலையிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம்.

மூன்றாம் நாள் மதியம் டாக்டரம்மாவின் போனுக்கு ரிசல்ட் வந்தது. ஐந்தில் நான்கு அதே காய்ச்சல். அவர் லேபுக்குள்ளிருந்து வராண்டாவுக்கு வந்து நான்கு விரலைக் காட்டினார். எனக்கு உடனே புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நின்ற இடத்திலேயே என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

“கீதுடா தம்பி. ஊர்ல காய்ச்சல் கீதுன்னு ரிசல்ட்டே வந்துடுச்சு.”

காய்ச்சல் இருக்கிறது என்று இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். அதைச் சொன்னால் தப்பாகத் தெரியலாம். ஆனால் காய்ச்சல் முன்பும் இருந்தது. இப்போது அதற்கு ஒரு பேரும் மாத்திரையும் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டியல் மேலே போனபோது எங்கள் வட்டாரம் அதில் இருந்தது. மாசி மாதம் ஆர்டர் வந்தது. பணத்தை மாற்றவில்லை, எட்டுப் பேரும் தொடரலாம், பரிசோதனைக் கிட் எங்கள் சுகாதார நிலையத்துக்கே வரும், ஐஸ் பெட்டி கொண்டுபோக வண்டிக்கு டீசல் பணமும் தனியாக உண்டு. கடைசி வரியைப் படித்துவிட்டு லேப் டெக்னீஷியன் என்னைப் பார்த்து, இனிமேல் நீங்கள் மூடியைத் திறக்கத் தேவையில்லை என்றார். இன்ஸ்பெக்டர் தன் கைக்காசில் எல்லாருக்கும் போண்டா வாங்கிவந்தார். நீலக் கதவுப் பெண் ஒரு தூக்கு நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்து வராண்டாவில் வைத்துவிட்டுப் போனாள். ஏரிக்கரைக் கொல்லையில் விளைந்ததுதான். புல் வெட்டி வரப்பைச் சுத்தம் பண்ணியபிறகு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பிடுங்கியது என்று அவளே சொன்னாள்.

படிவமும் மாறிவிட்டது. அந்தக் கடைசிக் கட்டத்தில் காய்ச்சல் என்று எழுதினால் இப்போது யாரும் திட்டுவதில்லை. ‘இல்லை’ என்று எழுதினால்தான் இன்ஸ்பெக்டர் மறுநாள் அந்தத் தெருவுக்கு வந்து நான்கு கதவைத் தட்டிப் பார்க்கிறார். முதல் வாரத்திலேயே எட்டுப் படிவத்திலும் காய்ச்சல் வந்தது. பக்கத்து வட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் படிவத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். டைரியை டாக்டரம்மா வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார். எனக்கு அரசாங்கமே ஒரு நோட்டு கொடுத்திருக்கிறது. அதில் பேர் எழுதுகிறேன், பயமில்லாமல்.

பயமில்லாமல் என்றா எழுதினேன்? அது கொஞ்சம் அதிகம். ஒன்று பாக்கி இருக்கிறது.

பணம் வந்ததும் பழைய மாதங்களின் நிலுவைக் கூலியைப் பட்டுவாடா செய்தார்கள். ஏழு பேருக்கு முழுசாக வந்தது. எனக்கு வரும்போது கணக்கு பார்க்கிறவர் நிறுத்தினார். என் டைரியில் காய்ச்சல் என்று இருந்த நாட்கள் மொத்தம் இருபத்து நான்கு. அதே நாட்களின் படிவத்தில், என் கையெழுத்திலேயே, இல்லை என்று இருக்கிறது. இரண்டில் எது நிஜமான வேலை என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்த நாட்களுக்குக் கூலி என்றார். மற்ற ஏழு பேரிடம் டைரி இல்லை, அதனால் முரண்பாடும் இல்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“உண்மைய எழுதுனவன் ஒருத்தன். பாக்கியும் அவனுக்கு மட்டும்தான். எதுக்கும் இன்னொரு டைரி வாங்கி இதையும் எழுதி வச்சிக்க தம்பி.”

அது வருகிற வரைக்கும் தினமும் ஒரு டீ தன் செலவு என்று அவர் சொன்னார், இன்று வரைக்கும் வாங்கித் தருகிறார். விளக்கம் மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். படிவம் பொய், டைரி நிஜம், கையெழுத்து இரண்டிலும் என்னுடையது. ஒவ்வொரு தடவையும் இன்ஸ்பெக்டர் கீழே ‘உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நான் பயந்து வீட்டில் இருக்கவில்லை. நேரில் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். பரிசீலனையில் உள்ளது என்று போட்டிருந்தது.

இருபத்து நான்கு நாள், நாளுக்கு நானூற்று எழுபத்தைந்து. எனக்கு இன்னும் வர வேண்டியது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.